இளைச்சுட்டியே!

1980களின் கடைசியில் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், திருவில்லிபுத்தூரில் பஸ் மாறி ஊர் முக்கில் இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள், என் உடம்பைப் பற்றி ஐந்தாறு பேர் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "என்ன மாப்ள, மெட்ராசு வெயிலு இப்பிடிக் கறுக்க வச்சிருச்சு?" என்பார். குடத்தோடு எதிரே வரும் அத்தை, "முடியெல்லாம் கொட்டிப்போச்சே, எண்ணெ தேய்க்கிறியா இல்லையா?" என்பார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தா, எழுந்து வந்து முதலில் என் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பார்ப்பார். பிறகு, "எலும்பும் தோலுமா வந்து நிக்கிறான் பாரு. எளச்சுட்டியேய்யா!" என்று கண்கலங்குவார்.

அந்த ஆறு மாதத்தில் நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன். மதுரை ரயில் நிலையத்து வெயிட் மெஷின் கொடுத்த அட்டை சட்டைப்பையில் இருந்தது. அப்பத்தாவிடம் அந்த அட்டை செல்லாது.

சென்ற ஆண்டு அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்தாள். வருவதற்கு இரண்டு நாள் முன்பே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு செய்தி போட்டார்: பாப்பா வரும்போது வெயிட்டைப் பற்றியோ முகப்பருவைப் பற்றியோ யாரும் பேச வேண்டாம். எழுதியது அண்ணன், எழுத வைத்தது யாரென்று எல்லோருக்கும் தெரியும். வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. அவள் வந்து இறங்கிய காலையில், வாசலில் நின்றவர்களிடையே ஒரு சின்ன மௌனம் விழுந்தது. வழக்கமாக அந்த இடத்தில் வரவேண்டிய வாக்கியம் வரவில்லை. சித்தி வாயைத் திறந்தார், அண்ணனைப் பார்த்தார், "பஸ் லேட்டா?" என்று கேட்டார்.

இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவே ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள்.

எடை அன்று பொது விளையாட்டாக இருந்தது. ரயில் நிலையத்தில் நிற்கும் அந்த மெஷினில் ஏறினால் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் சுற்றும். காசு போட்டதும் 'டக்'கென்று ஓர் அட்டை விழும், ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். கூட வந்தவர்கள் அட்டையைப் பிடுங்கி இரண்டையும் சத்தமாக வாசிப்பார்கள். பிளாட்பாரத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்கூட "அவ்வளவுதானா தம்பி?" என்று சேர்ந்துகொள்வார். இன்று அண்ணன் மகளின் எடை அவள் செல்போனிலும், அவள் போகும் ஜிம்மின் கணினியிலும் இருக்கிறது. அவள் அம்மாவுக்குத் தெரியாது.

பழையவர்களுக்கு நாகரிகம் தெரியவில்லை, இன்றைக்கு வந்திருக்கிறது என்று சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் அப்பத்தாவிடமும் கறாரான ஒரு விதி இருந்தது, நம்முடைய விதிக்கு நேர் எதிராக. அவர் வாயிலிருந்து 'அழகா இருக்க' என்ற சொல்லை நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. வீட்டில் பிறந்த எந்தக் குழந்தையையும் அவர் அப்படிச் சொன்னதில்லை. வெளியாள் யாராவது "புள்ள கொழுகொழுன்னு இருக்கானே" என்று சொல்லிவிட்டுப் போனால், அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடப்படும். மிளகாய் நெடி ஏறாவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளையின் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டு, இருக்கும் அழகைக் கொஞ்சம் கெடுத்துக் காட்டுவதற்கு. குறையை வாய்விட்டுச் சொல்லலாம், தடையில்லை. நிறையைத்தான் மறைத்துப் பேச வேண்டும். வளர்ந்த பெண்ணின் உடல்வாகைப் பாராட்ட நினைத்தாலும் "பூசினாப்ல இருக்கா" என்று பட்டும் படாமலும்தான் சொன்னார்கள். இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்பார்களே, எங்கள் ஊரில் புகழ்ச்சிதான் அந்தக் கணக்கில் இருந்தது.

பெயரிலும் இதே விதி. அடுத்தடுத்துக் குழந்தை தவறிய வீட்டில், பிறந்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பாயி என்று பெயர் வைத்தார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்றார்கள். பிச்சை எடுத்து வாங்கியதுபோலப் பிச்சை என்றார்கள். அழகான பெயர் எமன் காதில் விழுந்துவிடக் கூடாது. மூடநம்பிக்கைதான். ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1970களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த 1,000 குழந்தைகளில் 100க்கும் மேற்பட்டவை முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அந்த எண்ணிக்கை 13. பத்தில் ஒரு தொட்டில் காலியாகும் ஊரில், பிள்ளையைப் பார்த்து 'அழகு' என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

இன்று பிள்ளை பிறந்த மறுநாளே படம் வந்துவிடுகிறது. கீழே நூறு இதயங்கள், 'க்யூட்', 'செல்லம்', 'அழகு தேவதை'. புகழாமல் விட்டவர் யாரென்று கணக்கெடுக்கப்படுகிறது. பழைய பயமும் முழுதாகப் போய்விடவில்லை, படத்தின் ஓரத்தில் தாயே ஒரு நீலக் கண் குறியைப் போட்டுவிடுகிறாள். கறுப்புப் பொட்டின் பேத்தி அது.

சொல் மாறாமல் பொருள் தலைகீழானதற்கு, 'இளைச்சுட்டியே' என்பதை விடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அப்பத்தா அதைச் சொன்னபோது அது ஒப்பாரியின் முதல் வரிபோல இருந்தது. பிள்ளைக்குச் சோறு கிடைக்கவில்லை, கவனிக்க ஆளில்லை, ஏதோ நோய் என்ற மூன்றும் அதற்குள் அடக்கம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 1998–99இல் அளந்த தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 29 பேர் இருக்கவேண்டிய எடையை எட்டாதவர்கள், கூடுதல் எடை கொண்டவர்கள் அதில் பாதிதான். 2019–21 கணக்கெடுப்பில் மெலிந்தவர்கள் 12.6 சதவீதம், கூடுதல் எடை கொண்டவர்கள் 40.4 சதவீதம். இருபதே ஆண்டுகளில் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. இன்று அலுவலகத்தில் ஒருவரிடம் "இளைச்சுட்டீங்களே!" என்றால், அவர் முகம் மலர்ந்து "தேங்க்ஸ், எட்டு கிலோ" என்கிறார். 'சதை போட்டிருக்க' என்பது அன்று வாழ்த்து, மாமியார் வீட்டில் மகளை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. அதே வாழ்த்தை இன்று சொல்லிப் பாருங்கள்.

அன்றைய பேச்சைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் சௌகரியமாக ஒன்றை விட்டுவிடுவார்கள். யார் யாரைச் சொல்லலாம் என்பதற்கு ஒரு வரிசை இருந்தது, அது பெரும்பாலும் மேலிருந்து கீழே மட்டும் ஓடியது. பெரியவர் சின்னவரைச் சொல்லலாம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைச் சொல்லலாம். நிலக்காரர் கூலியாளைச் சொல்லலாம், அவர் நிறத்தைச் சொல்லும்போது கூடவே சாதியையும் சொல்லாமல் சொல்லிவிடலாம். கூலியாள் நிலக்காரரின் தொப்பையைப் பற்றிச் சொன்னதாக எங்கள் ஊரில் கதைகூட இல்லை. இரு திசையிலும் ஓடிய பேச்சு முறைக்காரர்களுக்குள் மட்டும்தான். மதினி கொழுந்தனைச் 'சொட்டத் தலையா' என்பார், கொழுந்தன் மதினியை 'உருளைக்கிழங்கு' என்பார், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தக் கேலி ஒரு பந்தி பலகாரம்போல வீட்டைச் சுற்றி வரும்.

என் பெரியம்மா மகள் ஒருத்தி, எனக்கு மூத்தவள். அவளைப் பெண் பார்க்க ஏழு வீட்டார் வந்தார்கள். கேசரித் தட்டோடு அவள் நிற்கும்போதே, "பொண்ணு கலரு கொஞ்சம் கம்மிதான்" என்று அவள் காதுபடச் சொன்னார்கள். ஒரு வீட்டுப் பாட்டி, சடை சொந்த முடிதானா சவுரியா என்று இழுத்துப் பார்த்தார். போனவர்கள் போக, எங்கள் வீட்டுப் பெண்களே மஞ்சளையும் கடலைமாவையும் பற்றி அவளுக்குப் பாடம் எடுத்தார்கள். ஒருகட்டத்தில் அக்கா கல்யாண வீடுகளுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வந்தாலும் சமையல்கட்டோடு நின்றுகொள்வாள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று என் அம்மா இன்றும் சொல்கிறார். அக்கா அப்படிச் சொல்வதில்லை.

அவள் காலத்து மணமகள் விளம்பரங்களில் 'சிவப்பு', 'மாநிறம்', 'கோதுமை நிறம்' என்று, கடையில் புடவைக்கு நிறம் கேட்பதுபோலக் கேட்டார்கள். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பெயரிலேயே சிவப்பையும் அழகையும் சேர்த்துக் கட்டியிருந்தது. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் கறுத்த இரு பெண்களைக் காட்டினார்கள், அவர்கள் தோன்றுவதே நகைச்சுவை. அவர்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை. பாரியின் மகள்களுடைய பெயர் அது. தியேட்டரில் நானும் சிரித்தேன், அதை மறைக்க முடியாது. 2020இல் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' உதிர்ந்து 'க்ளோ' வந்தது. அதே ஆண்டு ஷாதி.காம் தளம் நிறத்தைச் சொல்லித் தேடும் வசதியை எடுத்துவிட்டது. களிம்பு அதே கடையில்தான் கிடைக்கிறது. வரன் பார்ப்பவர்களும் நிறத்தைப் பார்க்காமல் விடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஜாதகம் பொருந்தல" என்று பதில் அனுப்புகிறார்கள். அக்காவுக்கு ஏழு முறை கிடைத்த உண்மையான காரணம், இன்றைய பெண்ணுக்கு ஒரு முறையும் கிடைப்பதில்லை. அது லாபம்தான் என்று நான் நினைக்கிறேன்.

தெருவிலும் இப்படித்தான். கல்லூரி வாசலில் சைக்கிளைச் சாய்த்து நின்றுகொண்டு, போகிற பெண்ணின் நடையையும் உடையையும் பற்றி 'கமெண்ட் அடிப்பது' அன்று வயதுக்கேற்ற பொழுதுபோக்காக எண்ணப்பட்டது, சினிமாவில் அதைக் கதாநாயகன் செய்தால் காதல். 1998இல் சென்னையில் அப்படிச் சீண்டப்பட்ட ஒரு கல்லூரி மாணவி இறந்தாள். அதன் பிறகுதான் அந்த ஆண்டில் ஈவ் டீசிங்கைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பெண்ணைப் பார்த்துப் பால் நோக்கோடு பேசும் பேச்சுக்கு ஓராண்டு வரை சிறை என்று 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதே ஆண்டில் பணியிடங்களுக்கான சட்டமும் வந்தது. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், உடன் வேலை செய்த பெண்ணின் உடல்வாகைப் புகழ்ந்து சொன்னதும் குற்றமாகலாம் என்று, அப்படிச் சொன்னவர் மீதான வழக்கை ரத்துசெய்ய மறுத்தது. சொன்னவர் தரப்பில் அது பாராட்டு. கேட்டவர் தரப்பிலிருந்து பார்க்க நீதிமன்றத்துக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அதே 2025இன் நவம்பரில் சென்னையில் ஒரு படத்தின் செய்தியாளர் சந்திப்பு. கதாநாயகி கௌரி கிஷனின் எடையைப் பற்றி, அதுவும் கதாநாயகனிடம், முன்பு ஒருவர் கேள்வி கேட்டிருந்தார். கௌரி கிஷன் அந்த அறையிலேயே அவரை எதிர்கொண்டு, என் எடை உங்களுக்கு எதற்கு, இது உருவக் கேலி என்று வாதாடினார். எதிரே இருந்தவர்கள் குரலை உயர்த்தினார்கள், அவர் குரலைத் தாழ்த்தவில்லை. பிறகு கேள்வி கேட்டவர் வருத்தம் தெரிவித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இதே கேள்வி கேட்கப்பட்டிருந்தால் நடிகை சிரித்துச் சமாளித்திருப்பார், மறுநாள் பத்திரிகையில் அந்தச் சிரிப்பு துணுக்காக வந்திருக்கும்.

சொற்களும் மாறின. உடற்குறையையே பெயராக்கிக் கூப்பிடுவது ஊர்களில் சர்வசாதாரணம். கட்டபொம்மனின் தம்பியை வரலாறே ஊமைத்துரை என்றுதான் அறிகிறது. எங்கள் தெருவில் கால் சற்றுச் சாய்த்து நடந்த தையல்காரரை, அவருடைய கடைக்கு வழி சொல்லும்போதும் அந்தக் காலை வைத்துத்தான் சொன்னோம். அவர் சொந்தப் பெயரை அவருடைய கருமாதிப் பத்திரிகையில்தான் முதன்முதலாகப் படித்தேன். கருணாநிதி முதல்வராக இருந்த 2006–11 காலத்தில் அரசுத் தாள்களில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளிகள்' வந்தார்கள். 'திருநங்கை' என்ற சொல் அரசாங்கச் சொல்லாகி, 2008இல் அவர்களுக்கு நல வாரியமும் அமைந்தது. மேலிருந்து வந்த சொற்கள் சாதாரணமாக ஊருக்குள் இறங்காது, இவை இறங்கின. இன்று ஊர்ப் பேருந்து நடத்துநரும் அந்தச் சொற்களைச் சொல்கிறார்.

இந்த நாகரிகத்தை வெளிநாட்டிலிருந்து இறக்கியதாகக் குறைப்படுபவர்கள் உண்டு. உருவத்தைப் பார்த்து இகழாதே என்று வள்ளுவர் சொல்லியாகிவிட்டது. ஆனால் அதை அவர் வைத்திருக்கும் இடம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். இனியவை கூறலிலோ பண்புடைமையிலோ அதை வைக்கவில்லை, வினைத்திட்பத்தில் வைத்தார். தேரின் அச்சாணியை உவமை காட்டி, சிறியதாகத் தெரிகிறவர் பெரிய வேலையைத் தாங்குபவராக இருக்கலாம் என்கிறார். மனம் புண்படும் என்பது அங்கே பேச்சில்லை, ஆளைத் தப்பாக எடை போட்டுவிடுவாய் என்பதுதான் எச்சரிக்கை. தொல்காப்பியரோ சிரிப்புப் பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலை முதலில் வைத்தார். இரண்டு பேரையும் படித்த சமூகம், தொல்காப்பியரைத்தான் அதிகம் பின்பற்றியது.

வாசலில் நின்றுபோன பேச்சு எங்கும் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் படத்தைப் பொதுவில் போட்டால் தெரிந்தவர்கள் எல்லோரும் இதயம் போடுகிறார்கள். தெரியாத ஒருவர், படமும் பெயரும் இல்லாத கணக்கிலிருந்து, எங்கள் டீக்கடை பெஞ்ச் ஒருநாளும் சொல்லத் துணியாததைச் சொல்லிவிட்டுப் போகிறார். அன்று சொன்னவரின் வீடு தெரியும், அவர் மகனின் மூக்கைப் பற்றி நாமும் ஏதாவது சொல்லிக் கணக்கைத் தீர்க்கலாம். எல்லாவற்றையும்விட, 'எலும்பும் தோலுமா' என்று சொன்ன அப்பத்தா அன்று மத்தியானமே நாட்டுக்கோழி அடித்தார். இன்று சொல்பவருக்கு நம் வீட்டு வாசல் தெரியாது.

அவையடக்கமான மௌனத்தின் விலையையும் பார்த்திருக்கிறேன். என் அலுவலகத்தில் ஐம்பதை ஒட்டிய நண்பர் ஒருவர். நான்கு மாதங்களில் சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது, பெல்ட்டில் புதிய துளை வந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர் தினமும் அவரோடு சாப்பிட்டோம். பாதிப் பேர், "செம ஃபிட் ஆயிட்டீங்க சார்" என்றார்கள். நான் உட்பட மீதிப் பேர், பணியிடத்தில் எப்படிப் பேச வேண்டும் என்ற பயிற்சி வகுப்பில் கற்றதை மதித்து, எதையும் பார்க்காததுபோல இருந்தோம். எடை குறைந்தால் நோயாக இருக்கும் என்ற எண்ணமே எங்களுக்கு ஓடவில்லை. இத்தனைக்கும் சர்க்கரை நோய் தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏழு பேருக்கு ஒருவரிடம் இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுச் செய்தியை, அதே சாப்பாட்டு மேசையில்தான் படித்துப் பேசியிருந்தோம்.

கேட்டவர், அவர் தெருவில் கீரை விற்கும் அம்மா. ஒருநாள் காலை கட்டை எடுத்து நீட்டியவர், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "இன்னா சார் இப்டி எளச்சிப் பூட்ட? சக்கர கிக்க இருக்கா, பாத்தியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டிருக்கிறார். நண்பருக்கு எரிச்சல். அந்த எரிச்சலோடுதான் அன்று ரத்தம் கொடுத்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 286.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். எடையும் பழையபடி ஏறிவிட்டது, பெல்ட்டின் புதிய துளை சும்மா கிடக்கிறது. அந்த அம்மாவுக்கு அவர் பெயர் இன்னும் தெரியாது. தெருமுனையில் அவரைக் கண்டால், "எளச்ச சார், அரக்கீர இருக்குது" என்றுதான் கூப்பிடுகிறார்.